கலைவிழாவில் ஊதிய சங்கு

சங்குக்காரர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் துறைமுகச் சங்கு மூன்று முறை ஊதியது.

முதல் ஊதலில் நிமிர்ந்தார். இரண்டாவதில் சுவரில் இருந்த கைப்பிடியைப் பார்த்தார். அது இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. மூன்றாவதில் தன் இரண்டு கைகளையும் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், யாரோ தங்கள் கையை அவரிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போனதுபோல.

அந்தச் சங்கை ஊத ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அவருக்குத்தான்.

சங்கு என்றால் வாயால் ஊதுகிற சங்கு இல்லை. துறைமுகத்தின் ஓரத்தில், அலைதடுப்புச் சுவர் தொடங்கும் இடத்தில், ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று. அதன் மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு இரும்புக் குழல். கீழே காற்றை அடைத்து வைக்கும் தொட்டி, கம்ப்ரஸர், சுவரில் ஒரு கைப்பிடி. இழுத்தால் ஆறு மைல் தூரம் கேட்கும். ஒரு ஊதல் என்றால் மாலை ஐந்து மணி. இரண்டு என்றால் மூடுபனி, பார்த்து வா. மூன்று என்றால் காற்று வருகிறது, எல்லாப் படகும் உடனே திரும்பு.

மூன்று ஊதினால் எவனும் போன் போட்டு ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான். கேட்கவும் முடியாது, அந்தத் தூரத்தில் போன் எடுக்காது. வலை தண்ணீரில் கிடந்தால் அறுத்துவிட்டு வருவான். அப்படித்தான் வழக்கம். முப்பத்தொரு வருஷத்தில் அவர் மூன்று ஊதியது பத்தொன்பது தடவை. பத்தொன்பது தடவையும் வந்தார்கள்.

இப்போது இருபதாவது. யார் ஊதியது?

அவர் எழுந்து சன்னலுக்குப் போனார். வானம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. கடலில் பெரிதாக அலைகூட இல்லை. மணி ஆறு பத்து. மணற்பரப்பில் கோடைக் கலைவிழாவின் ஐந்தாம் நாள் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மேடை, வண்ணத் துணிகள், பானை செய்கிறவர்கள், படம் வரைகிறவர்கள், தலையில் பூச்செடியை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிற ஒருத்தன். அந்த ஆள் எதற்காக நிற்கிறான் என்று சங்குக்காரர் இரண்டு நாள் விசாரித்தார். யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

"நான் ஊதல," என்று வாய்விட்டுச் சொன்னார். அறையில் அதைக் கேட்க ஆள் இல்லை.

ஊதவில்லை என்றால் அதற்கு அத்தாட்சி இருக்கும். தொட்டியின் முள்ளைப் போய்ப் பார்த்தார். மூன்று ஊதினால் எட்டில் நிற்கிற முள் ஐந்துக்கு இறங்கும். முள் எட்டில்தான் நின்றது. அப்பாடா என்று மூச்சுவிடப் போனவர் நிறுத்திக்கொண்டார். குறைந்தால் கம்ப்ரஸர் தானாக ஓடி நிரப்பிவிடுமே. தான் சன்னலில் நின்ற நேரத்தில் நிரப்பியிருந்தால்? கம்ப்ரஸர் ஓடிய சத்தம் கேட்டதா? விழாவுக்கு என்று அறைக்குப் பின்னாலேயே ஒரு லாரி ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நாலு நாளாக அவருக்கு எந்தச் சத்தமும் தனியாகக் கேட்கவில்லை.

மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார். தலைக்கு மேலே சங்கு ஊதினால் டம்ளர் நடுங்கி ஒரு விரற்கடை நகரும். டம்ளர் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மேளம் அடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அது நடுங்காத நேரமே கிடையாது. வலது காது போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இடது காதில் பஞ்சு.

கடைசியாகக் குறிப்பேட்டை எடுத்தார். ஒவ்வொரு ஊதலையும் அதில் எழுத வேண்டும். ஐந்து மணிக்கு ஒன்று என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எழுதாமல் அவர் ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் ஊதியதையே மறந்தவன் எழுத மறந்திருக்க மாட்டானா?

சும்மா வந்த சந்தேகம் இல்லை இது. போன மாதம் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்கினார். கண்ணாடி குளிர்பதனப் பெட்டிக்குள் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மகள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் சாவியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அதிகாரியின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. துறைமுக அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்: "பெரியவரே, இன்னொரு தப்பு நடந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. தானா ஊதுற மிஷின் வந்துடுச்சு, தெரியும்ல?"

வேலை போவது ஒரு பக்கம். ஊதினோமா இல்லையா என்று தனக்கே தெரியாத ஒருவன் கையில் நாற்பது படகை விட்டுவைப்பதா?

அப்போது மேடையில் பாட்டு நின்றது. வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைக் கீழே போட்டுவிட்டுக் கடலைப் பார்த்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் அதைப் பார்த்துத் திரும்பியது.

படகுகள் வந்துகொண்டிருந்தன. நாற்பதும். விழுந்தடித்துக்கொண்டு, ஒன்றையொன்று முந்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டு.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

சங்குக்காரர் வாசலில் வந்து நின்றார். இந்தக் கூட்டம் எதற்குக் கைதட்டுகிறது என்று அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஏலக்கூடத்தின் பக்கத்திலிருந்து அவர் மகள் ஓடிவந்தாள். மீன் பிரிக்கிற கையுறையைக்கூடக் கழற்றவில்லை. படகில் அவள் புருஷன் இருந்தான்.

"அப்பா! காத்து எந்தப் பக்கம்? எவ்வளவு நேரத்துல வருது?"

"காத்து இல்லம்மா."

"அப்புறம் ஏன் ஊதினீங்க?"

"ஊதலன்னுதான் நெனைக்கிறேன்."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி கிடைத்த அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "நெனைக்கிறீங்களா?" என்றாள் மெதுவாக.

படகுக்காரர்கள் மெதுவாகப் பேசவில்லை. முதலில் வந்தவரை ஊரில் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இருக்கிற படகுகளில் பெரியது அவருடையது, தொண்டையும் அப்படித்தான்.

"அண்ணே, புது வலை! தண்ணியில விட்டு அரை மணி ஆகல, அறுத்துட்டு வந்திருக்கேன். எங்க காத்து? காட்டுங்க பார்ப்போம்!"

"நான் ஊதலப்பா."

"நீங்க ஊதாம அது என்ன, கொட்டாவி விட்டுச்சா?"

பின்னால் வந்த மருமகன் இடுப்புவரை நனைந்திருந்தான். மாமனாரை அதட்டிப் பேசுகிறவன் இல்லை. அவன் தணிந்த குரலில், "மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கை தவறிப் பட்டிருக்குமா?" என்று கேட்டான். அந்தத் தணிந்த குரல் தாடியின் கத்தலைவிடப் பெரிதாக வலித்தது.

"பட்டிருக்கலாம் மாப்ள," என்றார் சங்குக்காரர். "எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டார். தாடிகூடத் தரையைப் பார்த்தார்.

அப்போது ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அன்றைய கச்சேரிக்கு இசை அமைத்தவள். முகமெல்லாம் பூரிப்பு. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"ஐயா! படகெல்லாம் வரவச்சது நீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! எங்க ஆளுங்க அழுதுட்டாங்க!"

"எதை வரவச்சேன்?"

"உங்க சங்கு ஒலிச்சு முடிஞ்சதும், கரெக்டா அந்த இடத்துல, கடல்லேருந்து படகுங்க... நான் கனவுலகூட அப்படி யோசிக்கல!"

"என் சங்கு எங்கம்மா ஒலிச்சுது?"

"பாட்டுலதான். போன வாரம் வந்து பதிவு பண்ணினேனே ஐயா. அஞ்சு மணிக்கு நீங்க ஊதும்போது."

வந்திருந்தாள். அவருக்கு ஞாபகம் வந்தது. மைக்கை ஒரு கம்பில் கட்டிக்கொண்டு, ஐஸ் உடைக்கிற சத்தம், கயிறு இழுக்கிற சத்தம், ஏலம் கூவுகிற சத்தம் என்று துறைமுகம் முழுக்கச் சுற்றினாள். அதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதம் வைத்திருந்தாள்.

"அன்னிக்கு நான் ஒண்ணுதானே ஊதினேன்?"

"ஆமா, ஒண்ணுதான். அதையே மூணு தடவை வச்சேன். ஒண்ணு பத்தல. ரெண்டு வச்சா ஏதோ பாதியில நிக்கிற மாதிரி இருந்துச்சு. மூணு வச்சாதான் நிறைவா இருந்துச்சு."

தாடி தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "நிறைவா இருந்துச்சாம்," என்று மருமகனிடம் சொன்னார். "கேட்டியா? என் வலை போச்சு, அந்தம்மாவுக்கு நிறைவா இருந்துச்சாம்."

மேடையின் ஒலிபெருக்கிப் பெட்டிகள் கடலைப் பார்த்து இருந்தன. காற்றும் அந்தப் பக்கம்தான். கிட்டத்தில் இருந்த படகுகளுக்குக் கேட்டது, அவை திரும்பின. தூரத்தில் இருந்தவை, திரும்பியவற்றைப் பார்த்துத் திரும்பின. மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளக்கியதும் அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. "நாளைக்கே எடுத்துடறேன் ஐயா," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது."

தன் தலை நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் சங்குக்காரர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட முடியவில்லை. இப்போதுதானே எல்லோர் முன்னாலும் "பட்டிருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார்? செய்யாத தப்பைச் செய்ததாக ஒப்புக்கொள்கிற தலை நல்ல தலையா?

விஷயம் அதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விடலாம். அதிகாரி வந்தார்.

"எடுக்கக் கூடாது," என்றார். "நாளைக்குத் தலைமை விருந்தினர் வர்றாங்க. அந்தச் சங்கு வர்ற பாட்டைக் கேக்கத்தான் வர்றாங்க. விழாக் குழுவுல என்ன கேட்டாங்க தெரியுமா? நாளைக்கும் ஆறு பத்துக்குப் படகெல்லாம் வருமான்னு கேட்டாங்க."

"வரும் சார்," என்றார் தாடி. "வந்து மேடையிலேயே ஏத்திடறோம், போதுமா?"

"கோபப்படாதீங்க. வழி இருக்கு. ஆறு மணிலேருந்து ஆறரை வரைக்கும் மூணு சங்கு கேட்டா அது விழா. நீங்க கண்டுக்காதீங்க. அவ்வளவுதானே?"

"அந்த அரை மணியில நெசமாவே காத்து வந்தா சார்?" என்று சங்குக்காரர் கேட்டார்.

"அரை மணி நேரம்தானே பெரியவரே."

காற்று கடிகாரம் பார்த்துத்தான் வருமா என்று கேட்க நினைத்தார். ஆனால் சற்று முன்னால்தான் தன் கையையே தனக்குத் தெரியாது என்று சொன்ன ஆள், அதிகாரியிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவது? மறுநாள் காலையில் படகுத்துறையில் ஒரு பலகை நட்டார்கள். எல்லாப் படகுக்காரர்களும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாடி படித்துக் காட்டினார், நடுநடுவே தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து.

அன்று மாலை ஐந்துக்கு ஒன்று ஊதினார், எழுதினார். படகுகள் போயிருந்தன. ஆறு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. ஆறு ஐந்துக்கு அறையில் இருந்த தொலைபேசி அடித்தது. துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா.

"வானிலை ஆபீஸ்லேருந்து செய்தி. தெற்குலேருந்து திடீர்க் காத்து, அரை மணிக்குள்ள. சாருக்குப் போன் போட்டேன், எடுக்கல. முன்வரிசையில உக்காந்திருக்கார். நீங்க ஊதிடுங்க."

"என்னத்த ஊத?"

"மூணுதான். வேற என்ன?"

"மூணு ஊதினா விழான்னு பலகை போட்டிருக்கே, நீங்கதானே எழுதினது?"

"சாரைக் கேட்டுச் சொல்றேன்," என்று குமாஸ்தா வைத்துவிட்டான்.

சங்குக்காரர் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஒன்று ஊதினால் மணி. ஐந்து மணிக்கு ஊதியதை மறந்து கிழவன் மறுபடி ஊதுகிறான் என்பார்கள். இரண்டு ஊதினால் மூடுபனி, வெயிலில் பனியா என்று சிரிப்பார்கள். மூன்று விழா. நாலு ஊதினால்? விழாவின் மூன்று, கிழவனின் ஒன்று என்று கூட்டிக் கழிப்பார்கள். மேடைக்கு ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தலாம். நிறுத்தி? படகுகளுக்கு அதனால் என்ன தெரியும்? சன்னல் வழியே பார்த்தார். தெற்கே கடலின் விளிம்பில் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. நிஜமாகவே இருக்கிறதா, குமாஸ்தா சொன்னதால் தெரிகிறதா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கோடு இருந்தது. கண்ணாடியிலும் கீறல் இருந்தது.

ஆறு பத்து. மேடையிலிருந்து அவருடைய சங்கு ஒலித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கடலில் ஒரு படகும் திரும்பவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள் பாவிகள்.

அவர் கைப்பிடியை இழுத்தார். இழுத்த பிறகு எத்தனை ஊதுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை என்பது உறைத்தது. எத்தனை என்று தெரியாததால் கையை எடுக்கவில்லை.

சங்கு ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. டம்ளர் மேஜை ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தது. முள் எட்டிலிருந்து ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கியது. கம்ப்ரஸர் முக்கிக்கொண்டு ஓடியும் ஈடு கொடுக்க முடியவில்லை. முள் மூன்றுக்கு வந்தபோது சத்தம் தடித்து, மாடு அடித்தொண்டையில் கத்துவதுபோல ஆயிற்று. ஒன்றரைக்கு வந்தபோது யாரோ நோயாளி முனகுவதுபோல ஆயிற்று. அப்போதும் கையை எடுக்கவில்லை. தொட்டி காலியாகி, குழலில் வெறும் காற்று புஸ்ஸென்று போன பிறகுதான் விட்டார். தோள்பட்டை விட்டுப்போயிற்று.

மணலில் கைதட்டல் கேட்டது. நேற்றைவிட அதிகம்.

படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நேற்றைவிட வேகமாக. எண்ணினார். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினார். முப்பத்தொன்பது. அவை ஆடிக்கொண்டே வந்ததால் எண்ணிக்கை நிற்கவே இல்லை. நாற்பதாவது, கடைசிப் படகு சுவருக்குள் நுழையும்போது காற்று வந்தது. மேடையின் துணிக் கூரை ஒரு பக்கம் கிழிந்து, கொடி மாதிரி அடித்துக்கொண்டது. பின்னாலேயே மழை. தலைமை விருந்தினர், பானை செய்கிறவர்கள், வாத்தியத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டவர்கள், பூச்செடிக்காரன், எல்லோரும் பக்கத்தில் இருந்த ஒரே கட்டடத்துக்குள் ஓடிவந்தார்கள். ஒற்றை அறைக்குள் ஐம்பது பேர். பூச்செடிக்காரன் செடியை அப்போதும் இறக்கவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மருமகன் வந்தான். பின்னால் தாடி. மருமகன் மாமனாரின் தோளைப் பிடித்தான், முகத்தைத் தொட்டான், நெஞ்சில் கையை வைத்தான்.

"உசுரோட இருக்கீங்களா?"

"ஏன் மாப்ள, இல்லன்னா நின்னுக்கிட்டா இருப்பேன்?"

"மாமா, நீங்க கைப்பிடிமேலயே விழுந்து செத்துட்டீங்கன்னு நெனச்சோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்," என்றார் தாடி. "அப்படி ஒரு ஊதல் எந்தக் கணக்குலயும் கிடையாது. கடைசியில முனகுச்சே, அப்ப என் படகுல நாலு பேரும் அழுதாங்க. உங்க மகள்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். காத்துக்கு நாங்க வரவே இல்ல. காத்தைப் பார்க்கவே இல்ல."

"வலை?"

"அறுத்துட்டேன். ரெண்டாவது வலை." தாடி தன் தாடியைப் பிழிந்துகொண்டார்.

அதிகாரி மூலையில் இருந்து நனைந்த காகிதம்போல வந்தார். "பெரியவரே, எத்தனை ஊதினீங்க?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுன்னா மணிதானே?"

"அப்படித்தான் சார் நம்ம கணக்குல இருக்கு."

வெளியே கடல் சுவரில் அறைந்த சத்தத்தில் அதிகாரி திடுக்கிட்டுச் சன்னலைப் பார்த்தார். இசை அமைத்த பெண் ஈரக் கூந்தலோடு நின்று, கூரையில் மழை விழுவதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சங்குக்காரருக்கு அது நல்லதாகப் படவில்லை.

"ஏம்மா, இதையும் எதுலயாவது வச்சிடாத," என்றார்.

தாடி அவர் பக்கம் குனிந்து, ரகசியம்போல, ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "அண்ணே, ஒரு சந்தேகம். இனிமே இப்படி ஒண்ணு நீளமா கேட்டா நாங்க என்னன்னு எடுத்துக்கிறது? காத்துன்னா, இல்ல நீங்க நெசமாவே போய்ட்டீங்கன்னா?"

சங்குக்காரர் யோசித்தார். அதிகாரியைப் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. மருமகனைப் பார்த்தார்.

"எதுவா இருந்தா என்னடா," என்றார் எரிச்சலோடு. "கரைக்கு வந்து சேருங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அது பூச்செடிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். வெளியே நனைந்துகொண்டு நிற்கிற படகுக்காரர்களுக்கு வழி விடுங்கள் என்று எல்லோரையும் நெட்டித் தள்ளிக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.